காலில் இருக்கும் சொத்து

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலத்துக்கென்று ஒரு தனிக் களை உண்டு. பனியன் கம்பெனிகளில் அன்றைக்குத்தான் சம்பளம். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங் பெண், கைமடி ஆள் என்று எல்லார் கையிலும் நாலு காசு புரளும். மளிகைக் கடையில் கூட்டம் நெரியும். பூக்காரிக்குக் கை ஓயாது. வீட்டு வாடகையும் சீட்டுப் பணமும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும் அந்த ஒரு சாயங்காலத்தை நம்பித்தான் இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள், சகோதரிகளே! அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அம்மா செக்கிங். மூத்த பெண் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். பதினேழு முடிந்து பதினெட்டு நடக்கிறது. அவளுக்கு ஒரு வரம் வாய்த்திருக்கிறது, நன்றாக ஓடுகிறாள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டம் அல்ல. மூவாயிரம் மீட்டர், ஐயாயிரம் மீட்டர் என்று மற்றவர்கள் மூச்சு வாங்கி நின்றுவிடும் இடத்தில் இவள் வேகம் பிடிக்கிறாள். மாவட்டப் பந்தயத்தில் முதல் பரிசு. மாநிலப் பந்தயத்திலும் பேர் வந்தாயிற்று.

இனி அவளை என்ன செய்வது? யோசனை சொல்ல நம் நாட்டில் ஆளுக்கா பஞ்சம்!

"கம்பெனிக்கு அனுப்பு அம்மிணி. ஒன்றரை ஷிப்டு பாத்தா ரெண்டு வருசத்துல நகைக்குச் சேத்துப் போடலாம்" என்கிறார் தாய்மாமன்.

"ஏனக்கா, வயசுப் புள்ளைய இப்படி ரோட்டுல ஓட உடறீங்களே, நாளைக்கு எவன் கட்டுவான்?" என்கிறாள் எதிர் வீட்டுக்காரி.

"காலேசு எதுக்குங்க? வாராவாரம் எங்கியோ ஒரு மாரத்தான் நடக்குது. முதல் மூணு எடத்துக்குப் பணங் குடுக்கறாங்க. இதையே தொழிலா வெச்சுக்கிட்டா ஆச்சு" என்கிறார் ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த ஒருவர்.

"அவ காலுல சொத்து இருக்குதுங்க. காலேசுல சேத்துங்க" என்கிறார் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர்.

நாலு பேர், நாலு வழி. தாயார் யாருடைய பேச்சைக் கேட்பாள்? இந்த வீடு நான் கட்டிய கற்பனை வீடுதான். ஆனால் இந்தக் கேள்வி கற்பனை அல்ல. அதனால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில், ஓட்டத்தைத் தொழிலாகக் கொள்வது என்றால் என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் காலணிக் கம்பெனிக்காரர்கள் ஓடுகிறவர்களோடு ஒப்பந்தம் போட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். நம் நாட்டில் அப்படிக் கம்பெனிப் பணத்தில் மட்டும் வாழ்கிற நீண்ட தூர ஓட்டக்காரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே ஓடி மேலே வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சோறு போடுவது ஓர் உத்தியோகம். புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்த கோ. லட்சுமணன் ராணுவத்தில் இருந்துகொண்டே ஓடினார். 2017ல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐயாயிரம் மீட்டர், பத்தாயிரம் மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். அதே புதுக்கோட்டைப் பெண் எல். சூர்யா ரயில்வேயின் பேரால் ஓடியவர். 2016ல் தெற்காசியப் போட்டியில் அதே இரண்டு ஓட்டங்களில் இரண்டு தங்கம். நாசிக் பக்கத்துப் பழங்குடிப் பெண் கவிதா ராவுத்துக்கு எண்ணெய்க் கம்பெனியான ஓ.என்.ஜி.சி. வேலை கொடுத்தது.

மீரட் பக்கத்துப் பெண் பாருல் சௌத்ரியின் கதை இன்னும் சுவையானது. 2023ல் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஐயாயிரம் மீட்டரின் கடைசி ஐம்பது மீட்டர். முன்னால் ஜப்பான்காரி ஓடுகிறாள். அப்போது இந்தப் பெண்ணுக்கு என்ன நினைவு வந்தது தெரியுமா? தங்கம் வாங்கினால் உத்தரப் பிரதேசப் போலீசில் டி.எஸ்.பி. உத்தியோகம் கொடுப்பார்கள் என்ற நினைவுதான்! அவரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த நினைப்பிலேயே முன்னால் ஓடியவளைத் தாண்டித் தங்கத்தைப் பறித்துக்கொண்டார். பதவியும் பின்னால் வந்தது.

ஆகவே நம் பெண்ணைப் பொறுத்தவரை, "கல்லூரியா, ஓட்டத் தொழிலா?" என்று கேட்பதைவிட, "எந்த வயசில், எந்தப் படியில் உத்தியோகம்?" என்று கேட்பதே பொருந்தும். இப்படிக் கேட்டால் விஷயம் பளிச்சென்று தெளிவாகிறது.

ரயில்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஆள் எடுக்கிறார்கள். வயசு 18 முதல் 25 வரை. கடைநிலை வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும். அதற்கு மேல் படிக்குப் பிளஸ் டூ. அதற்கும் மேல் என்றால் பட்டம் வேண்டும். பெரிய பதக்கமும் வேண்டும். ஒரே கால்கள்தான். ஆனால் கையில் உள்ள சர்டிபிகேட்டைப் பொறுத்து உட்காரும் நாற்காலி மாறுகிறது.

இன்னொரு விஷயம். அந்த நடுப்படி வேலைக்கு எந்தெந்த வெற்றிகளைக் கணக்கில் எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வருவதும் அதில் சேர்த்தி. அந்தப் போட்டியில் யார் ஓடலாம்? முழுநேரம் கல்லூரியில் படிக்கிறவர்கள்தான். பதினெட்டு வயசில் கல்லூரியை விட்டுவிட்ட பெண்ணுக்கு அந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. உத்தியோகக் கதவோ இருபத்தைந்து வயசு வரை திறந்திருக்கிறது. முதலில் சாத்தப்போகிற கதவு வழியாகத்தானே முதலில் நுழைய வேண்டும்? இதைச் சமையலறைக்காரர்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீரையும் பூசணிக்காயும் வாங்கி வந்தால் முதல் நாள் கீரையைத்தானே சமைக்கிறோம்!

திருப்பூர்க்காரர்கள் தங்கள் மண்ணிலேயே ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். இராவுத்தம்பாளையம் என்ற கிராமத்துப் பையன் தருண் அய்யாசாமி. நீண்ட தூரக்காரர் அல்ல. நானூறு மீட்டர் தடை தாண்டி ஓடுகிறவர். எட்டு வயசில் தகப்பனாரை இழந்தார். தாயார் பள்ளிக்கூட ஆசிரியை. மாசம் 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பையன் கர்நாடகத்தில் மூடுபித்ரி என்ற ஊரிலுள்ள ஆல்வாஸ் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இருக்க இடமும் சாப்பாடும் படிப்பும் கொடுத்து வளர்ப்பதில் பேர் பெற்ற கல்லூரி அது. 2016ல் ரியோ ஒலிம்பிக்கில் நானூறு மீட்டர் தொடர் ஓட்ட அணியில் இடம் பெற்றார். 2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் 48.96 விநாடியில் ஓடி, தேசிய சாதனையோடு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். வென்றதும் அவர் பத்திரிகைக்காரர்களிடம் பேசியது தாயாரைப் பற்றித்தான்.

ஓட்டக்காரருக்குக் கல்லூரி என்றால் வெறும் புஸ்தகமும் பரீட்சையும் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது அல்லவா? விடுதி, வேளாவேளைக்குச் சாப்பாடு, கூட ஓட நாலு தோழிகள், கற்றுக்கொடுக்க மாஸ்டர், காயம் பட்டால் கவனிக்க ஆள் எல்லாம் நல்ல கல்லூரியில் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கொடுத்து, பீஸைக் குறைக்கிற கல்லூரிகளும் இருக்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும்.

மதுரைப் பெண் வீ. ரேவதியின் கதையை ஒவ்வொரு பாட்டியும் கேட்க வேண்டும். சிறு வயசிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்த பெண். கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி. கண்ணன் என்ற பயிற்சியாளர் அவள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, பயிற்சிக்கு அனுப்பச் சொன்னார். பாட்டி முதலில் மாட்டேன் என்றார். உறவுக்காரர்களும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பயிற்சியாளர் விடவில்லை, பாட்டியும் கடைசியில் மனம் இளகினார். லேடி டோக் கல்லூரியில் இடம் கிடைத்தது. காலில் ஷூ இல்லாமல் ஓடிய பெண் பட்டப் படிப்பும் படித்தாள். பிறகு தென்னக ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வேலை. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ஓடினாள். முதலில் கல்லூரி, பிறகு உத்தியோகம், அப்புறம் ஒலிம்பிக். வரிசையைக் கவனித்தீர்களா?

"அதெல்லாம் சரி, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா? பதினெட்டு வயசுக் கால் இருபத்தெட்டில் இருக்குமா?" என்று ஒரு சந்தேகம் எழலாம். நியாயமான சந்தேகம். ஆனால் நீண்ட தூர ஓட்டத்தில் கணக்கே வேறு. இது மெதுவாகப் பழுக்கிற பழம். பாருல் சௌத்ரி ஆசியத் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயசு 28. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022ல் பெர்லின் மாரத்தானில் உலக சாதனை படைத்தபோது வயசு 37! நுரையீரலும் இருதயமும் எலும்பும் வருஷக்கணக்கில் உரம் ஏறி வர வேண்டிய ஓட்டம் இது. பதினெட்டு வயசுப் பெண் மூன்று வருஷம் கல்லூரியில் இருப்பதால் எதையும் இழந்துவிடுவதில்லை. அவளுடைய நல்ல காலம் இன்னும் வரவில்லை.

பிஞ்சிலே பழுக்க வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் மேரி கெய்ன் என்று ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, 2013ல், மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டியில் ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறுதி ஓட்டம் வரை போனாள். வயசு 17. அந்த வருஷமே கல்லூரி அணியில் ஓடுவதை விட்டுவிட்டு, நைக்கி கம்பெனியின் பேர்பெற்ற பயிற்சிக் குழுவில் தொழில்முறை ஓட்டக்காரியாகச் சேர்ந்தாள். 2019ல் அவளே வெளியே வந்து சொன்னாள்: எடையைக் குறை, இன்னும் குறை என்று வற்புறுத்தினார்கள், மூன்று வருஷம் மாதவிலக்கே நின்றுவிட்டது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று. பயிற்சியாளர் தம் பேரில் வந்த குற்றச்சாட்டை மறுத்தார். ஆனால் அந்தப் பெண்ணின் நல்ல வருஷங்கள் திரும்பி வரவில்லை.

தொழிலாக ஓடப் போகிறவர்கள் எல்லாரும் இப்படி ஆகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அதே நாட்டில் அல்லிசன் ஃபெலிக்ஸ் என்ற குறுந்தூர ஓட்டக்காரி 2003ல் பள்ளிக்கூடம் முடித்த கையோடு கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆனால் கெட்டிக்காரி! கல்லூரிப் படிப்புச் செலவைக் கம்பெனியே கட்டியது. பட்டமும் வாங்கினாள், ஒலிம்பிக்கில் 11 பதக்கங்களும் வாங்கினாள். நம் பெண்ணிடமும் யாராவது ஒப்பந்தக் காகிதத்தை நீட்டினால், "இவள் படிப்புக்கு என்ன வழி?" என்பதே நாம் கேட்கிற முதல் கேள்வியாக இருக்கட்டும்.

மாதவிலக்கு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். இது நாம்தான் பேச வேண்டிய விஷயம். ஓடுகிற பெண்ணுக்கு அது இரண்டு மூன்று மாசம் நின்றுபோனால், "ஓடினால் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. சாப்பாடு போதவில்லை, எலும்பு தேய்கிறது என்று உடம்பு கொடுக்கிற எச்சரிக்கையாக அது இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும். அதோடு ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தத்தில் இரும்பு இல்லாமல் ஐயாயிரம் மீட்டர் ஓடுவது, எண்ணெய் இல்லாத விளக்குக்குத் திரி போடுவது போலத்தான். கம்பும் ராகியும் முருங்கைக் கீரையும் நிலக்கடலையும் முட்டையும் கொங்கு நாட்டுச் சமையலறைக்குப் புதிதல்லவே! அண்ணன் தம்பிக்குப் போட்டது போக மிஞ்சியதை அவளுக்குப் போடுகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டால் போதும். யாரோ கொடுத்த பவுடரும் ஊசியும் வேண்டவே வேண்டாம். தடை செய்த மருந்து அதில் கலந்திருந்தால் பதக்கமும் போகும், பேரும் போகும்.

இனித் தாய்மாமன் பேச்சுக்கு வருவோம். அவரைக் கொடுமைக்காரர் என்று நினைக்காதீர்கள். சனிக்கிழமைச் சம்பளத்தின் அருமை தெரிந்தவர். பெண் கம்பெனிக்குப் போனால் வீட்டுக்கு உதவியாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றரை ஷிப்டு என்றால் காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு மேல் வீடு திரும்புவது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலுக்கு விடியற்காலையில் ஓட என்ன தெம்பு இருக்கும்? பஞ்சுத் தூசியை விழுங்கிய நெஞ்சுக்கு என்ன மூச்சு இருக்கும்? கம்பெனிக்குப் போய்க்கொண்டே ஓடட்டும் என்பது பேச்சுக்கு நன்றாயிருக்கிறது. காரியத்தில் ஆறு மாசத்தில் ஓட்டம் நின்றுவிடும்.

நூல் மில்களில் "சுமங்கலி திட்டம்" என்று ஒன்று நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்றார்கள். நடுவில் உடம்பு முடியாமல் திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை கைக்கு வராமல் போனதும் உண்டு. அன்றாடக் கூலி குறைவு, கடைசியில் பெரிய தொகை என்று யார் சொன்னாலும் பெண்ணைப் பெற்றவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். அது மில்லானாலும் சரி, ஓட்டக் கம்பெனியானாலும் சரி.

"படி, படி என்று சொல்வது சுலபம், அடுப்பு எரிய வேண்டாமா?" என்று நீங்கள் கேட்டால் அதற்கும் பதில் வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாசம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. கேலோ இந்தியாவுக்குத் தேர்வானவர்களுக்குக் கைச்செலவுக்கென்று மாசம் 10,000 ரூபாய் என்று ஒரு திட்டம் வகுத்தார்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு நடை போய், எதற்கு மனுப் போடலாம் என்று விசாரியுங்கள். திருப்பூரிலேயே பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. அரசுக் கல்லூரி இருக்கிறது. ரயில் ஏறினால் கோயம்புத்தூர் ஒரு மணி நேரம்.

இவ்வளவு இருந்தும் முடியாத வீடுகள் உண்டு. தகப்பனார் படுத்துவிட்டார், கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்றால் அந்தப் பெண்ணைக் கல்லூரிக்குப் போகச் சொல்லி உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் அப்போதும் தையல் மெஷினுக்கு முன்னால், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ், ரயில்வே என்று மனுப் போட்டுப் பாருங்கள். வேலை கிடைத்தால் தபால் வழியில் பட்டப் படிப்பைத் தொடரட்டும். ஞாயிற்றுக்கிழமை மாரத்தான் பரிசு மட்டும் கணக்கில் வேண்டாம். வாராவாரம் பணத்துக்காகத் தார் ரோட்டில் ஓடுகிற கால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ, மாஸ்டர் சரி என்று சொன்னால் ஓடட்டும். அந்தப் பணம் அவள் பேரில் பாங்கியில் இருக்கட்டும்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். 2006ல் தோஹா ஆசிய விளையாட்டில் எண்ணூறு மீட்டரில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அதன் பிறகு நடத்திய பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். ஊரறிய அவமானம். ஓட்டம் போயிற்று, பேர் போயிற்று. 2012ல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறார் என்று பத்திரிகைகளில் படித்தபோது நாடே தலைகுனிந்தது. பிறகு அவர் பயிற்சியாளருக்கான படிப்பில் சேர்ந்து பட்டயம் வாங்கினார். 2016ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். கழுத்தில் போட்ட பதக்கத்தை ஒருவர் கழற்றிக்கொண்டு போக முடிந்தது. படித்து வாங்கிய பட்டயம் அவரிடமே இருந்தது. மறுபடியும் மைதானத்துக்கு அவரைக் கூட்டி வந்தது.

டிரில் மாஸ்டர் சொன்னது மெய். காலில் இருப்பது சொத்துதான். ஆனால் ஒரு சுளுக்கிலும் ஒரு காய்ச்சலிலும் கரையக்கூடிய சொத்து. அதை வைத்து இன்னொரு சொத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய வயசு பதினெட்டு. எதிர் வீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்வது என்கிறீர்களா? "காலேஜ் அட்மிஷனுக்கு நாளைக்குக் கோயம்புத்தூர் போறோம், வாசல் தெளிச்சுக் கோலம் போட்டு வெக்கறீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.